தடுப்பூசிப் பதிவு நின்றுபோன கிளினிக்: அறிகுறி வாரியாகப் பார்த்துச் சரிசெய்யும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே சேட்ஸ்வொர்த்திலும், வடக்கே பீனிக்ஸ், வெருலம், டோங்காட் ஆகிய ஊர்களிலும் உள்ள தனியார் கிளினிக்குகளில் (இங்கே பலரும் அவற்றை ‘சர்ஜரி’ என்றே சொல்வார்கள்) குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவுக்கான கணினி முறையை அமைத்துக் கொடுப்பதும், அது நின்றுபோனால் நேரில் போய்ப் பார்ப்பதும் என் வேலை. அமைத்துக் கொடுப்பது அரை நாளில் முடிந்துவிடும். நின்றுபோனதை மறுபடியும் ஓடவைப்பதில்தான் மற்ற நாள்கள் கழிகின்றன. நான் பார்த்த வரையில், மென்பொருள் பழுதாகி நின்ற இடங்கள் குறைவு. எழுதுகிறவருக்கு அந்தப் பதிவால் எந்த உதவியும் திரும்பக் கிடைக்காததால் நின்ற இடங்களே மிகுதி. ஆகையால் ‘ஊழியர்கள் ஒத்துழைக்கவில்லை’ என்ற புகாரோடு யாராவது அழைத்தால், அதை நான் காரணமாக எடுத்துக்கொள்வதில்லை, அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் கிளினிக்கில் எது தென்படுகிறதோ அந்தத் தலைப்புக்கு மட்டும் போனால் போதும். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை

கடைசி நான்கு வாரங்களில் கணினியில் ஏறிய ஊசிகளை நாள் வாரியாக எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே, தடுப்பூசிக் குளிர்பெட்டியிலிருந்து அந்தந்த நாளில் எடுக்கப்பட்ட ஊசிகளின் எண்ணிக்கையை எழுதுங்கள். இதற்கு இருபது நிமிடம் ஆகும். இரண்டு வரிசைகளும் எங்கே பிரிகின்றன, எப்படிப் பிரிகின்றன என்பதைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இந்தத் தாள் கையில் இல்லாமல் யாரையும் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். விசாரித்தால் எல்லோரும் ‘நாங்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்’ என்றே சொல்வார்கள், அதை அவர்கள் நம்பியும் சொல்வார்கள்.

அறிகுறி 1: தொடக்கத்தில் நன்றாக நடந்த பதிவு இப்போது நின்றுவிட்டது

*ஒரு குறிப்பிட்ட நாளோடு சட்டென்று நின்றிருந்தால்*

அந்த நாளில் யார் வேலையை விட்டுப் போனார், யார் மகப்பேறு விடுப்பில் போனார் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு சிஸ்டரின் பெயரில் மட்டும் உள்நுழைவு இருந்திருக்கும். அவர் போன பிறகும் கடவுச்சொல் அவருடைய தொலைபேசிக்கே போய்க்கொண்டிருக்கும். ஊசி போடுகிற ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரில் உள்நுழைவு கொடுத்து, கடவுச்சொல்லை மீட்கும் எண்ணை கிளினிக்கின் சொந்த எண்ணாக மாற்றினால் இது தீரும். எல்லோரும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வது எளிதாகத் தெரிந்தாலும், பின்னால் ஒரு ஊசியை யார் போட்டார் என்ற கேள்வி எழும்போது கணினியிடம் விடை இருக்காது.

*சில கிழமைகளில் மட்டும் இல்லையென்றால்*

அந்தக் கிழமைகளில் பகுதிநேர மருத்துவரோ பதிலி சிஸ்டரோ வருகிறார் என்று கொள்ளலாம். அவருக்கு உள்நுழைவும் பத்து நிமிடப் பயிற்சியும் கொடுத்தால் போதும்.

*படிப்படியாகத் தேய்ந்து நின்றிருந்தால்*

இதுதான் கடினமானது. கையில் கடிகாரத்தோடு ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஒரு குழந்தை உள்ளே வந்து ஊசி போட்டுக்கொண்டு வெளியே போகும் வரை, அந்தக் குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் எத்தனை இடங்களில் எழுதப்படுகின்றன என்று எண்ணுங்கள். வெருலத்தில் ஒரு கிளினிக்கில் நான் எண்ணியபோது ஐந்து இடம் வந்தது: வரவேற்பு மேசையின் வருகைப் பதிவு, நோயாளியின் அட்டைக் கோப்பு, பெற்றோர் கொண்டுவரும் ‘ரோட் டு ஹெல்த்’ கையேடு (குழந்தையின் வளர்ச்சியும் தடுப்பூசிகளும் குறிக்கப்படுவது), மெடிக்கல் எய்டுக்கான (தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கான) பில், கடைசியாகத் தடுப்பூசிப் பதிவு. ஐந்தாவதாக எழுதப்படுவதுதான் முதலில் கைவிடப்படும் என்பதில் வியப்பில்லை.

ரோட் டு ஹெல்த் கையேட்டை ஒருபோதும் குறைக்கக் கூடாது. அது தாயின் கையில் இருக்கும் ஆவணம். பொது மருத்துவமனைக்குப் போனாலும், வேறு மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தாலும் அதைத்தான் கேட்பார்கள். குறைக்கக்கூடியவை மற்ற நான்கில் உள்ளன. செலவில்லாத வழிகளை இந்த வரிசையில் செய்து பாருங்கள்.

முதலாவது, எழுதும் இடத்தை மாற்றுவது. மாலையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுவதன் ஊசிகளையும் மொத்தமாக ஏற்றுவது என்ற ஏற்பாடு எங்குமே நிலைத்ததில்லை. ஊசி போடும் அறையில், ஊசி போடுவதற்கு முன்னர், பதிவைத் திறந்து பார்க்க வேண்டும். போட்டவுடன் அங்கேயே பதிய வேண்டும். முன்னரே திறப்பதால் எந்தத் தவணை மீதியிருக்கிறது என்பதும் கண்ணில் படுகிறது, ஆகவே அந்தப் பதிவு எழுதுகிறவருக்கே பயன்பட ஆரம்பிக்கிறது.

இரண்டாவது, ஊசி மருந்தின் தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண்ணையும் காலாவதித் தேதியையும் காலையில் ஒருமுறை மட்டும் ஏற்றிவைப்பது. அன்று குளிர்பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு வகை ஊசிக்கும் இதைச் செய்துவிட்டால், பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் வகையைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதும். ஏறக்குறைய எல்லா மென்பொருளிலும் இந்த வசதி இருக்கிறது. அதைத் திறந்து வைத்திருக்கும் கிளினிக்குகள்தாம் குறைவு. தொகுதி நடுவில் மாறினால் அதையும் உடனே மாற்ற வேண்டும் என்பதை அறையின் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது, அட்டைக் கோப்பில் தடுப்பூசிப் பகுதியைக் கையால் எழுதுவதை நிறுத்திவிட்டு, கணினிப் பதிவின் அச்சுப்படியை அதில் செருகிவைப்பது. இதற்கு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். பழக்கமான அட்டையை விடுவதற்கு மூத்த மருத்துவர்கள் தயங்குவார்கள். மூன்று மாதம் இரண்டையும் வைத்திருந்து ஒப்பிட்டுக் காட்டினால் பெரும்பாலானோர் இணங்குவார்கள்.

*ஆளை அழைக்கும் இடம்:* மேற்கண்ட மூன்றையும் செய்த பின்னரும் ஒரு குழந்தைக்கான பதிவு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், பில் போடும் மென்பொருளும் தடுப்பூசிப் பதிவும் ஒன்றோடொன்று பேசும்படி இணைக்க வேண்டும். அது இரு நிறுவனங்களின் வேலை, பணமும் ஆகும். இணைக்கும்போது ஒரு பொறியைக் கவனியுங்கள்: பில்லில் இருக்கும் நாப்பி எண் (மருந்துப் பொருளுக்கான குறியீட்டு எண்) எந்த மருந்து என்பதைச் சொல்லும், எந்தத் தொகுதி என்பதைச் சொல்லாது. மாகாண சுகாதாரத் துறையிடமிருந்து வாங்கிப் போடும் ஊசிக்கு மருந்து விலையே பில்லில் வராது, சேவைக் கட்டணம் மட்டும் வரும். ஆகவே பில்லை மட்டும் பார்த்துப் பதிவை நிரப்பும் இணைப்பு அத்தகைய ஊசிகள் அனைத்தையும் விட்டுவிடும். நான் ஒரு முறை இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் ஆனது.

அறிகுறி 2: பதிவு நடக்கிறது, ஆனால் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை

இது நோய் வெளியே தெரியாத நிலை. இன்று ஓடுகிறது, ஆறு மாதத்தில் அறிகுறி 1 ஆக மாறும். மேலே சொன்ன எண்ணிக்கைத் தாளில் இரண்டு வரிசையும் பொருந்தியிருக்கும், ஆனால் யாரிடமாவது ‘இந்த மாதம் எத்தனை குழந்தைகள் வராமல் போனார்கள்’ என்று கேட்டால் விடை இருக்காது.

பள்ளிச் சேர்க்கையிலிருந்து தொடங்குங்கள். பொதுப் பள்ளியில் குழந்தையைச் சேர்க்கும்போது தடுப்பூசி போட்டதற்கான சான்று கேட்கப்படுகிறது. பள்ளிகள் திறக்கும் ஜனவரியில், கையேட்டைத் தொலைத்த பெற்றோர்கள் வரவேற்பு மேசையின் முன்னால் வரிசையாக நிற்பார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின்னர் அந்த வரிசை இன்னும் நீண்டது, ஏனென்றால் தண்ணீரோடு போன வீடுகளில் கையேடுகளும் போயின. அட்டைக் கோப்பைத் தேடி எடுத்து, மருத்துவரின் கையெழுத்தைப் படித்து, கடிதம் தட்டச்சு செய்து கொடுப்பதற்கு ஆகும் நேரத்தையும், பதிவிலிருந்து ஒரு பக்கத்தை அச்சிடுவதற்கு ஆகும் நேரத்தையும் வரவேற்பாளர் தாமே ஒருமுறை அளந்து பார்க்கட்டும். அதற்குப் பிறகு அவரிடம் நான் எதையும் வற்புறுத்த வேண்டியதில்லை. பதிவில் விட்டுப்போனதைக் கேட்டு அவரே சிஸ்டரைத் துரத்துவார்.

அடுத்தது, தவணை தாண்டியவர்களின் பட்டியல். வாரத்தில் ஒரு நாள், கூட்டம் குறைந்த ஒரு மணி நேரத்தில், பட்டியலை எடுத்து அழைக்கச் சொல்லுங்கள். பட்டியல் மிக நீளமாக வந்தால் யாரும் அழைக்கமாட்டார்கள். 9 மாதம், 18 மாதம் ஆகிய இரு தவணைகளுக்கு மட்டும் வடிகட்டித் தொடங்குங்கள். 6, 10, 14 வாரத் தவணைகளுக்குப் பெரும்பாலான தாய்மார்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். தாய் வேலைக்குத் திரும்பிய பின்னர் குழந்தை ஆயாவின் (பாட்டியின்) பொறுப்பில் வளரத் தொடங்குகிறது, அப்போதுதான் தவணைகள் நழுவுகின்றன. ஆகவே தாயின் எண்ணோடு ஆயாவின் தொலைபேசி எண்ணையும், பெற்றோரின் ஒப்புதலோடு, பதிந்து வைப்பது பயன் தரும்.

*ஆளை அழைக்கும் இடம்:* மென்பொருளில் பட்டியலை வடிகட்டவோ ஒரு பக்கச் சான்றை அச்சிடவோ வழியே இல்லையென்றால், விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். இவ்விரண்டும் இல்லாத முறையை எந்த கிளினிக்கும் நெடுநாள் தாங்காது. நான் அத்தகையதை அமைத்துக் கொடுக்க மறுத்துவிடுகிறேன்.

அறிகுறி 3: ஒரே குழந்தைக்கு இரண்டு, மூன்று பதிவுகள்

நம் மக்கள் வாழும் பகுதிகளில் இதுவே மிகுதி. பாதிப் பதிவு ஒரு பெயரிலும் மீதி இன்னொரு பெயரிலும் கிடப்பதால், இரண்டிலுமே தவணை தாண்டியதாகக் காட்டும். ஒருமுறை பொய்யான எச்சரிக்கை வந்துவிட்டால் சிஸ்டர் அதற்குப் பிறகு எந்த எச்சரிக்கையையும் நம்பமாட்டார்.

*பெயரின் எழுத்துக்கூட்டு.* படையாச்சி என்ற ஒரே குடும்பப் பெயர் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதப்படுகிறது. முதலி, நாயுடு, பிள்ளை, நாயக்கர் ஆகியவற்றுக்கும் அதே கதிதான். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் வந்த டுரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகளின் பெயர்களை, எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்கள். அதன் விலையை இன்று வரவேற்பு மேசை கொடுக்கிறது. சரிசெய்ய ஒரு வழிதான் உண்டு: பெயரைக் கொண்டு தேடாமல், பிறந்த தேதியையும் தாயின் அடையாள எண்ணையும் கொண்டு தேடும்படி பழக்குங்கள். புதுப் பதிவு தொடங்குவதற்கு முன்னர் இந்தத் தேடலைச் செய்தாக வேண்டும் என்பதைக் கட்டாயமாக்குங்கள்.

*பெயரும் எண்ணும் இல்லாத பிறப்பு.* காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் பிறந்தவுடன் கொடுக்கப்படுகின்றன. பிறப்பைப் பதிவுசெய்ய 30 நாள் அவகாசம் உண்டு. பல வீடுகளில் பதினாறாம் நாள் சடங்கு வரை பெயரும் முடிவாவதில்லை. ஆகவே முதல் பதிவு தாயின் பெயரைச் சொல்லி ‘இன்னாரின் குழந்தை’ என்று தொடங்குகிறது. ஆறாவது வாரத்தில் பெயரோடும் எண்ணோடும் வரும்போது, மேசையில் இருப்பவர் அந்தப் பழைய பதிவைத் திருத்தாமல் புதிதாக ஒன்றைத் தொடங்கிவிடுகிறார். வாரம் ஒருமுறை ‘குழந்தை’ என்று மட்டும் பெயர் உள்ள பதிவுகளை வடிகட்டி, 8 வாரம் தாண்டியும் அப்படியே இருப்பவற்றுக்கு வீட்டை அழையுங்கள்.

*இரு குடும்பப் பெயர்.* சமய முறைப்படி மட்டும் மணம் முடித்து, அதைச் சட்டப்படி பதிவு செய்யாத பெற்றோரின் குழந்தை, பிறப்புச் சான்றிதழில் தாயின் குடும்பப் பெயரைத் தாங்கியிருப்பது இங்கே வழக்கம். இத்தகைய குழந்தைக்குத் தந்தையின் குடும்பப் பெயரைக் கொடுப்பதைக் கட்டுப்படுத்திய, பிறப்புப் பதிவுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு செல்லாது என்று 2021இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்கு முந்தைய சான்றிதழ்கள் அப்படியேதான் இருக்கின்றன. மெடிக்கல் எய்டு தந்தையின் பெயரில் இருக்கும், சான்றிதழ் தாயின் பெயரில் இருக்கும், ஆயா தாத்தாவின் பெயரைச் சொல்வார். சான்றிதழில் உள்ளதையே முதன்மைப் பெயராக வைத்து, மற்றவற்றை மாற்றுப் பெயர் என்ற இடத்தில் ஏற்றுங்கள். இதைக் கேட்கும்போது குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். வரவேற்பறை முழுக்கத் தெரிந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

*எண்ணில் பிழை.* தென்னாப்பிரிக்க அடையாள எண்ணுக்கு 13 இலக்கம். முதல் 6 இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 4 இலக்கம் 5000க்குக் குறைவாக இருந்தால் பெண், 5000 முதல் 9999 வரை இருந்தால் ஆண். கடைசி இலக்கம், முன்னுள்ளவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். எண்ணுக்கும் பிறந்த தேதிக்கும் பொருத்தமில்லாத பதிவுகளை ஒரு விரிதாளில் இறக்கி ஒப்பிட்டால், தட்டச்சுப் பிழைகளோடு, தாயின் எண்ணைக் குழந்தையின் இடத்தில் ஏற்றிய பதிவுகளும் ஒருசேர வெளியே வந்துவிடும்.

*இணைப்பதற்கு முன் எச்சரிக்கை.* இரட்டைப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி, குடும்பப் பெயர், தாயின் எண், முகவரி, தொலைபேசி எல்லாமே ஒன்று. ஒரே பாலினமாகவும் இருந்தால் மென்பொருள் அவர்களை ஒருவர் என்றே நினைக்கும். கையேட்டையோ பிறப்புச் சான்றிதழையோ பார்க்காமல் எந்த இரு பதிவையும் இணைக்காதீர்கள்.

*ஆளை அழைக்கும் இடம்:* இணைத்தது தவறு என்று தெரிந்த அந்த நொடியில் வேலையை நிறுத்திவிட்டு மென்பொருள் நிறுவனத்தை அழையுங்கள். கையால் பிரிக்க முயன்றால் எந்த ஊசி யாருக்கு என்பது நிலையாகவே குழம்பிவிடும். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பதிவுகளை இணைக்க வேண்டியிருந்தாலும், முதலில் முழு நகல் எடுத்துத் தரும்படி அவர்களையே கேளுங்கள்.

அறிகுறி 4: போட்ட ஊசியைப் போடவில்லை என்று காட்டுகிறது

முதலில் தேதியைப் பாருங்கள். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் படிக்கும் கணினி, மார்ச் 4 அன்று போட்டதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும்; 12க்கு மேற்பட்ட நாள்களில் இந்தப் பிழை நேராது என்பதால் சில குழந்தைகளுக்கு மட்டும் வரும், அதனால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. கணினியின் வட்டார அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும், ஆனால் அதுவரை ஏறிய தேதிகளைக் கையால்தான் திருத்த வேண்டும்.

தேதி சரியென்றால், ஊசி எந்தப் பெயரில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 6, 10, 14 வாரங்களிலும் 18 மாதத்திலும் போடப்படும் ஆறு நோய் ஊசியை ஒரே பெயரில் ஏற்ற வேண்டும். அதைப் பகுதி பகுதியாக ஏற்றினாலோ, பழைய ஐந்து நோய் ஊசியின் பெயரில் ஏற்றினாலோ, கல்லீரல் அழற்சி பி தவணை விடுபட்டதாகக் காட்டும். பிறந்த ஆண்டு 2015க்கு முன்னர் என்றால் அந்த ஊசி உண்மையிலேயே தனியாகத்தான் போடப்பட்டிருக்கும். அங்கே பிழை எதுவும் இல்லை.

மூன்றாவது காரணம், மென்பொருளின் அட்டவணை பழையதாக இருப்பது. 6, 12 மாதத் தட்டம்மை ஊசிக்குப் பதிலாகத் தட்டம்மையும் ரூபெல்லாவும் சேர்ந்த ஊசி 2024இல் அரசு அட்டவணையில் வந்தது. 6, 12 வயது ஊசியிலும் கக்குவான் இருமலுக்கான பகுதி சேர்ந்தது. தனியார் அட்டவணைப்படி பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த மூன்று நோய் ஊசியைப் போடும் மருத்துவர்களும் உண்டு. ஒரு குழந்தை முதல் ஆறு மாதம் அரசு கிளினிக்கிலும் பிறகு தனியாரிடமும் போட்டிருந்தால், இரு அட்டவணையும் புரிந்த மென்பொருளே சரியாகக் கணிக்கும்.

*செய்யக் கூடாதது:* எச்சரிக்கையை அணைக்க வேண்டும் என்பதற்காகப் பொய்த் தேதி போட்டு நிரப்புவது. இதை நான் இரு இடங்களில் கண்டிருக்கிறேன். இரண்டு இடத்திலும் நல்ல சிஸ்டர்கள், கோளாறான அட்டவணை. கையேட்டில் சான்று இருந்தால் ‘வேறிடத்தில் போட்டது’ என்று குறித்து, கையேட்டில் உள்ள தேதியை ஏற்றுங்கள்.

*ஆளை அழைக்கும் இடம்:* அட்டவணையை மாற்றுவது மென்பொருள் நிறுவனத்தின் வேலை. ஆனால் விடுபட்ட தவணையை இனிப் போடலாமா, எத்தனை வார இடைவெளி வேண்டும் என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. எடுத்துக்காட்டாக, 24 வாரம் தாண்டிய குழந்தைக்கு ரோட்டா வைரஸ் மருந்து கொடுப்பதில்லை, திரை என்ன காட்டினாலும் சரி. ஐயம் இருந்தால் மாவட்ட சுகாதார அலுவலகத்தின் தடுப்பூசித் திட்டப் பிரிவைக் கேளுங்கள்.

அறிகுறி 5: குளிர்பெட்டிக் கணக்கும் பதிவும் ஒத்துப்போவதில்லை

பெட்டியில் குறைவாகவும் பதிவில் குறைவாகவும் இருந்தால், போட்டது ஏறவில்லை. அறிகுறி 1க்குப் போங்கள். பெட்டியில் குறைந்தும் பதிவு சரியாகவும் இருந்தால், பெரும்பாலும் அது வீணானதைக் குறிக்காததுதான். பிசிஜி குப்பியில் பல தவணைகள் உண்டு. கலக்கிய குப்பியை 6 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. மூன்று குழந்தைகளுக்குப் போட்டுவிட்டு மீதியைக் கொட்டினால், கொட்டியதையும் ‘வீண்’ என்ற இடத்தில் ஏற்ற வேண்டும். அந்தச் சொல்லுக்காக யாரும் திட்டமாட்டார்கள் என்று மருத்துவர் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

பெட்டியின் வெப்பநிலை 2 முதல் 8 பாகைக்கு வெளியே போயிருந்தால் கணக்கைப் பற்றிய கவலையை ஒதுக்கிவையுங்கள். அந்த ஊசிகளைத் தனியே எடுத்து, குளிரிலேயே வைத்து, ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று எழுதி, ஊசி தந்த இடத்தை அழையுங்கள். அவர்கள் சொல்லும் வரை போடவும் கூடாது, எறியவும் கூடாது.

அறிகுறி 6: மின்சாரமோ இணையமோ போனால் பதிவும் போய்விடுகிறது

2022, 2023 ஆண்டுகளின் லோட்ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) காலத்தில் ஆரம்பித்த பழக்கம் இது: மின்சாரம் போன இரண்டு மணி நேரத்து ஊசிகள் ஒரு துண்டுத்தாளில் எழுதப்பட்டு, அந்தத் தாள் எங்கேயோ போய்விடும். இப்போது மின்வெட்டு பெரிதும் குறைந்தாலும், கம்பித் திருட்டாலும் மின்மாற்றிப் பழுதாலும் இருட்டுவது உண்டு. துண்டுத்தாளுக்குப் பதிலாக, வரிசை எண் அச்சிட்ட ஒரு நோட்டைக் குளிர்பெட்டிக்கு அருகில் கட்டித் தொங்கவிடுங்கள். கணினியில் ஏற்றிய வரியை மட்டும் கோடிட்டு அடியுங்கள். அடுத்த செலவு, இணையப் பெட்டிக்கும் மடிக்கணினிக்கும் சிறு மின்கலம். இணையம் இல்லாமலே பதிந்து பிறகு அனுப்பும் வசதி மென்பொருளில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உண்மையிலேயே அனுப்புகிறதா என்று, இணையக் கம்பியைப் பிடுங்கி ஒரு சோதனைப் பதிவை ஏற்றிப் பாருங்கள்.

அறிகுறி 7: மருத்துவரே வேண்டாம் என்கிறார்

காரணத்தைக் கேட்டால் பெரும்பாலும் ‘போப்பியா’ என்ற ஒற்றைச் சொல் வரும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான அது 2013இல் நிறைவேறி, 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. உடல்நலத் தகவல் அதில் சிறப்புப் பாதுகாப்புக்கு உரியது என்பது உண்மை. ஆனால் சிகிச்சைக்கும் கிளினிக் நிர்வாகத்துக்கும் தேவையான அளவில் மருத்துவர் அதைக் கையாளலாம் என்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது. மேலும், அட்டைக் கோப்பும் அதே சட்டத்துக்கு உட்பட்டதுதான்; பூட்டில்லாத அலமாரியைவிட உள்நுழைவு உள்ள கணினி மோசமானதல்ல என்று மரியாதையோடு எடுத்துச் சொல்லலாம்.

அவரிடம் காட்ட வேண்டியவை சில: மென்பொருள் நிறுவனத்தோடு எழுத்தில் செய்த ஒப்பந்தம், யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்ற தடம், பெற்றோருக்குக் கொடுக்கும் ஒப்புதல் தாள். கடைசியானது பெற்றோருக்குப் புரியும் எளிய மொழியில் இருக்கட்டும். வயதானவர்களுக்கு அதைத் தமிழிலும் அச்சிட்டுக் கொடுத்த ஒரு கிளினிக்கில், படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே என்றாலும், அதைக் கையில் வாங்கிய ஆயாக்கள் கையெழுத்திடத் தயங்கவில்லை.

தகவல் கசிந்ததாக ஐயம் ஏற்பட்டாலோ, மடிக்கணினி திருடுபோனாலோ, அது நீங்களும் நானும் சரிசெய்யும் கோளாறு அல்ல. கிளினிக்கின் தகவல் அலுவலர் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அன்றே ஒரு வழக்குரைஞரை அழையுங்கள்.

சட்டத்தைக் காரணம் காட்டாமல் ‘என் வயதுக்கு இது எதற்கு’ என்று சொல்லும் மூத்த மருத்துவரிடம் வாதாடாதீர்கள். அவர் திரையைத் தொடவே வேண்டியதில்லை. சிஸ்டர் பதியட்டும், வெள்ளிக்கிழமை மாலை, தவணை தாண்டிய அவருடைய நோயாளிகளின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் அச்சிட்டு அவர் மேசையில் வையுங்கள். அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கும் சிறு வயதில் ஊசி போட்டவர் அவர்தான். அடுத்த வாரம் தொலைபேசியை அவரே எடுப்பார்.

அறிகுறி 8: மென்பொருளை மாற்றப்போகிறார்கள், அதுவரை எதற்குப் பதிவது என்று நிறுத்திவிட்டார்கள்

மாற்றம் ஒரு மாதம் என்று சொல்லப்பட்டால் நான்கு மாதம் என்று வைத்துக்கொண்டு, பழையதிலேயே தொடர்ந்து பதியச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை முடிப்பதற்கு முன்னர், முழுத் தரவையும் விரிதாளில் திறக்கக்கூடிய வடிவில் கேட்டு வாங்குங்கள். வாங்கிய கோப்பில் தொகுதி எண்ணும் ஊசி போட்டவர் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஏனெனில் அவ்விரண்டும்தான் வழக்கமாக விடுபடும். பழைய பதிவுகளை அழித்துவிடவும் முடியாது: மருத்துவர்களின் தொழில்நெறிப்படி, குழந்தைகளின் ஆவணங்களை அவர்கள் 21 வயது அடையும் வரை வைத்திருக்க வேண்டும்.

புதியதில் ஏற்றிய பிறகு, கையேட்டோடு வரும் முதல் இருபது குழந்தைகளின் பதிவைக் கையேட்டோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு பிழை இருந்தால் கையால் திருத்திவிடலாம். ஒரே விதமான பிழை மூன்று குழந்தைகளுக்கு வந்தால் திருத்துவதை நிறுத்திவிட்டு, அந்த மூன்று பதிவுகளின் படத்தையும் பெயர்களை மறைத்து எடுத்து, தரவை மாற்றித் தந்தவருக்கு அனுப்புங்கள். அவர் சரிசெய்து மறுபடியும் ஏற்றித் தரும் வரை பழைய முறையின் சந்தாவை நிறுத்தாதீர்கள்.